இரண்டு முறை ஆம்

என் படிப்பைப் பற்றி யாராவது கேட்டால் அம்மா முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவாள். "பட்டனை எங்க வைக்கணும்னு படிக்கிறா. அதுக்கு ரெண்டு வருஷம்." கேட்டவர் சிரிப்பார், அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வேன். மனிதருக்கும் கணினிக்கும் இடையிலான ஊடாட்டம், பயனரை மையமாக வைத்த வடிவமைப்பு என்றெல்லாம் நீட்டி முழக்கினால், "அதத்தானே நானும் சொன்னேன்" என்பாள்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு ஸ்விட்ச் போர்டு உண்டு. ஒரே மாதிரி எட்டு ஸ்விட்ச், ஒரே வரிசை. விளக்கைப் போடப் போனால் மோட்டார் ஓடும், மோட்டாரை நிறுத்தப் போனால் ஃபேன் நிற்கும். அம்மா மோட்டார் ஸ்விட்சில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருக்கிறாள். அதற்குப் பிறகும் மாற்றிப் போட்டால், "எம் புத்தி எங்க மேயப் போச்சு" என்று தன்னையே திட்டிக்கொள்வாள். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எட்டையும் ஒரே அச்சில் வார்த்து வரிசையாகப் பதித்தவன் எங்கேயோ நிம்மதியாகத் தூங்குகிறான், இவள் இங்கே தன் தலையில் குட்டிக்கொள்கிறாள். எங்கள் துறையில் முதல் வகுப்பிலேயே சொல்லித்தருவது இதற்கு நேர் எதிரானது. பயனர் மேல் தப்பே கிடையாது, தப்பு என்று ஒன்று இருந்தால் அது வடிவமைப்பில் இருக்கிறது. மற்றவர்கள் அதைத் தேர்வுக்குப் படித்தார்கள். நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

நான் அந்தப் படிப்புக்குப் போனதே அக்காவால்தான். அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அப்பா போன பிறகு வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். டூட்டி முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிவாள். அவள் வாயில் முதலில் விழுவது நோயாளியும் அல்ல, டாக்டரும் அல்ல, மருந்து பம்ப்.

"அந்தச் சனியன் இன்னிக்கும் கத்திக் கத்தி என் உசிர வாங்கிருச்சு."

பம்ப் என்பது கட்டிலுக்குப் பக்கத்துக் கம்பியில் மாட்டியிருக்கும் ஒரு பெட்டி. ஊசி வழியாக மருந்து உடம்புக்குள் என்ன வேகத்தில் இறங்க வேண்டும் என்று அதில் எண்ணை அழுத்தி வைக்க வேண்டும். எதை அழுத்தினாலும் அதற்குச் சந்தேகம். ‘அளவு மாறுகிறது. தொடரவா?’ என்று திரையில் கேட்டபடி கீச்கீச்சென்று கத்தும். இம்மியளவு ஏற்றினாலும் அதே கேள்வி, பத்து மடங்கு ஏற்றினாலும் அதே கேள்வி, அதே குரல். ‘ரத்து’ என்று அழுத்தினால் மருந்து மொத்தமாக நின்றுவிடும், பிறகு மருந்து நின்றுவிட்டதே என்று வேறு கத்தும். ‘ஆம்’ என்று அழுத்தினால்தான் வாயை மூடும்.

"எங்க வார்டுல எல்லாரும் அது கேக்கறதுக்கு முன்னாடியே ஆம் சொல்லிருவோம்" என்பாள் அக்கா. நாற்காலிக் கையில் ஆள்காட்டி விரலால் இரண்டு தட்டு தட்டிக் காட்டுவாள். "டக் டக். ஒண்ணு நம்பருக்கு, இன்னொண்ணு அதோட வாய்க்கு."

அந்த விரலைப் பார்த்துத்தான் இப்படி ஒரு படிப்பு இருக்கிறதா என்று தேடினேன். விண்ணப்பத்தை எனக்காக நிரப்பிக் கொடுத்தவளும் அவளே. "படிச்சு முடிச்சிட்டு வந்து அதோட வாயை மூடு, போதும்" என்றாள்.

இறுதி ஆண்டு ஆய்வுக்கு நான் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தபோது அது நடந்தது. அக்காவின் பொறுப்பில் இருந்த ஒரு பெண்ணுக்கு, அறுவை சிகிச்சைக்குப் பிறகு ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனதால், அதை ஏற்றும் மருந்து போய்க்கொண்டிருந்தது. அளவை 5.0 என்று மாற்ற வேண்டும். புள்ளிப் பொத்தான் தேய்ந்து போயிருந்தது, அது பதியவில்லை. பம்ப் 50 என்று எடுத்துக்கொண்டு வழக்கம்போலக் கேட்டது. வழக்கம்போல ஆம் என்று பதில் போயிற்று. அந்தப் பெண்ணின் தலைக்குள் ரத்தம் கசிந்தது. மறுநாள் இறந்துபோனாள். அவளுக்கு அக்காவின் வயதுதான்.

அக்காவை சஸ்பெண்ட் செய்தார்கள். வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றி வைத்ததே எனக்குப் பயமாக இருந்தது.

மருத்துவமனை ஒரு விசாரணைக் குழுவை வைத்தது. முதல் அமர்வுக்குப் போய்விட்டு வந்து அக்கா ஒன்றே ஒன்றைத்தான் சொன்னாள். இறந்தவளின் கணவரும் அங்கே உட்கார்ந்திருந்தாராம். கடைசியில் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா என்றபோது எழுந்து நின்று கேட்டாராம். "ஸ்கிரீன்ல அம்பதுன்னு இருந்துச்சுன்னு சொல்றீங்க. அத யாராவது பாத்தாங்களா, இல்ல யாருமே பாக்கலியா?"

"நீ என்ன சொன்ன?"

"கவனிக்கலன்னு சொன்னேன்."

"அதான் உண்மை. நீ மட்டுமில்ல, எவளும் கவனிக்க மாட்டா. அந்த மிஷின் கவனிக்க விடாது. நான் நிரூபிச்சுக் காட்டுறேன் பாரு" என்றேன். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். களைப்பு என்று நினைத்தேன்.

எங்கள் துறையில் பயனர் சோதனைக்கென்று இரண்டு அறைகள் உண்டு. நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர். ஒரு பக்கம் இருப்பவர்களுக்கு அது வெறும் கறுப்புக் கண்ணாடி. மறுபக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாம் தெரியும், எல்லாம் கேட்கும். அந்தப் பக்கமே வாழ்க்கையின் பாதியைக் கழித்தவர் எங்கள் பேராசிரியை. நாங்கள் அவரைக் கண்ணாடி மேடம் என்போம். அவருக்கும் அது தெரியும், கண்டுகொள்ள மாட்டார்.

சோதனைக்குச் சில கறாரான விதிகள் உண்டு. வருகிறவர் எல்லோரிடமும் எழுதி வைத்ததை அப்படியே, ஒரு சொல் மாறாமல் வாசிக்க வேண்டும். ‘நாங்கள் சோதிப்பது இந்தக் கருவியைத்தான், உங்களை அல்ல. செய்யும்போது மனதில் ஓடுவதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.’ அதன் பிறகு வாயைத் திறக்கக்கூடாது. உதவக்கூடாது, தலையாட்டக்கூடாது, முகத்தைச் சுளிக்கக்கூடாது. எதிரில் இருப்பவர் தப்பான பொத்தானை நோக்கி விரலைக் கொண்டுபோனாலும் மரம் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரே ஒரு விலக்கு உண்டு. அவர் பேச்சை நிறுத்திவிட்டால், "இப்ப என்ன நினைக்கிறீங்கன்னு சொல்லுங்க" என்று கேட்கலாம். முதல் பருவம் முழுக்க இதைத்தான் பழகினோம். கடைசியில் வீட்டில் அம்மா சாப்பிடும்போது பேசாமல் இருந்தால்கூட எனக்கு அந்த வாக்கியம் வாய்க்கு வந்துவிடும்.

அதே மாடல் பம்ப் ஒன்று எங்கள் துறையின் சாமான் அறையில் தூசி படிந்து கிடந்தது. எந்த மருத்துவமனை கழித்துக் கட்டியதோ தெரியாது. அதன் ஸ்பீக்கர் துளைகளின் மேல் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. சத்தம் தாங்காமல் யாரோ ஒரு நர்ஸ் ஒட்டியது. தொட்டுப் பார்த்தேன், காய்ந்து தோல்போல ஆகியிருந்தது. ‘அக்கா மாதிரி எத்தனை பேர்’ என்று அப்போது எனக்கு வந்த கோபத்தில் பெட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பேன். அதற்குப் பதிலாக ஆய்வு முன்மொழிவை எழுதி நீட்டினேன்.

கண்ணாடி மேடம் படித்துவிட்டு மேஜையில் வைத்தார். "உன் முடிவு முதல் பக்கத்துலயே இருக்கு. முடிவு பண்ணிட்டு சாட்சி தேடறது ஆராய்ச்சி இல்லம்மா."

"முடிவு தப்புன்னு சோதனையில தெரிஞ்சா மாத்திக்கறேன் மேடம்."

"மாத்திப்பியா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நர்ஸுகள் டூட்டி முடிந்து சீருடையோடு வந்தார்கள். தண்ணீர்ப் பையை மாட்டிய பம்பை முன்னால் வைத்தேன். பக்கத்துக் கட்டிலுக்கு இன்னொரு பெட்டி, அது இடையிடையே அலறும். அவர்களும் அக்காவைப் போலவே செய்தார்கள். எண், டக் டக், பார்வை அதற்குள் பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விடும். கேள்வி திரையில் முழுசாக வருவதற்கு முன்பே பதில் போய்விடுவது கேமராவில் துல்லியமாகப் பதிந்தது. ஒருத்தி தன் பதிவைப் பார்த்துவிட்டு, "அய்யய்யோ, இது என் விரலா?" என்று சிரித்தாள். இன்னொருத்தி சிரிக்கவில்லை. தன் கைப்பையை எடுத்துக்கொண்டு, "நாளைக்கும் அதே மிஷின்கிட்டதான் போகணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் மாற்றி வரைந்த திரையையும் சோதித்தேன். பெரிய மாற்றத்துக்கு மட்டும் கேள்வி. புதிய எண்ணுக்குப் பக்கத்தில் பழைய எண். சத்தத்துக்கு மட்டும் தனியாக ஒரு பொத்தான், அதை அழுத்தினால் மருந்து பழைய அளவிலேயே போகும். அந்தத் திரையில் ஐம்பதை யாரும் விட்டுவிடவில்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இதைக் குழுவின் முன் வைத்தால் அக்காவைத் தொட முடியாது. ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. அக்காவின் விரலும் அதையேதான் செய்கிறது என்று காட்ட வேண்டும்.

அவள் மாட்டேன் என்றாள். நான் விடவில்லை, பிடுங்கி எடுத்தேன். "உனக்காகத்தானே இவ்வளவும் பண்றேன்" என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். "சரி, வரேன்" என்றாள் அக்கா.

மேடம் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். "ஆய்வுக் கணக்குல சேராது. ஆனா விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். உள்ள போயிட்டா அக்கான்னு கூப்பிடக்கூடாது."

அக்கா சீருடையில் வந்தாள். போடத் தடை இருந்தும் பெட்டியிலிருந்து எடுத்து இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தாள். நான் தாளை எடுத்து வாசித்தேன். "நீங்கள் இங்கே வந்ததற்கு நன்றி. நாங்கள் சோதிப்பது இந்தக் கருவியைத்தான், உங்களை அல்ல." என்னைக் குளிப்பாட்டித் தலை துவட்டிப் பள்ளிக்கு அனுப்பியவளை நீங்கள் என்று சொல்வது எனக்கே வேடிக்கையாக இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. வாசித்ததை எல்லாம் கவனமாகக் கேட்டாள்.

முதல் சில வேலைகள் எதிர்பார்த்தபடியே போயின. "அளவை ரெண்டாக்கறேன். ஆச்சு. அடுத்தது, குழாய்ல காத்து இருக்கான்னு பாக்கறேன். இல்ல." டக் டக், டக் டக். விரல் தானாகப் போய்த் தானாக வந்தது, கண் வேறெங்கோ இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடம் பார்த்துக்கொண்டிருப்பார் என்று எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். இதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

கடைசி வேலை, அன்றைக்கு நடந்ததன் நகல். அளவை 5.0 என்று மாற்ற வேண்டும். புள்ளிப் பொத்தான் பதியாதபடி நான் செய்து வைத்திருந்தேன்.

"அஞ்சு. புள்ளி. சைபர்" என்றாள் அக்கா. பம்ப் கேட்டது, கீச்கீச்சென்று ஆரம்பித்தது. ஒரு நொடி கழித்துப் பக்கத்துப் பெட்டியும் அலறியது. அக்காவின் விரல் ஆம் பொத்தானுக்கு மேலே போய் நின்றது. அழுத்தவில்லை. அவள் திரையைப் பார்த்தாள். பேச்சு நின்றுவிட்டது.

இரண்டு பெட்டிகளும் கத்திக்கொண்டிருந்தன. பேச்சு நின்றால் என்ன செய்வது என்று எனக்குப் பழக்கியிருந்தார்கள். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. "இப்ப என்ன நினைக்கிறீங்கன்னு சொல்லுங்க."

"அம்பதுன்னு இருக்கு" என்றாள் அக்கா. பாடத்தை ஒப்பிக்கும் குரல். "தப்புன்னு தெரியுது. ரத்து போட்டா மருந்து நின்னுரும், அவங்களுக்கு பிரஷர் படுத்துரும். திரும்ப மொதல்லேருந்து போடணும். பக்கத்துக் கட்டில்ல இருக்கறவருக்கு மூச்சுக்குழாய் கழண்டிருச்சு, மொகம் நீலமாவுது. இங்க இது கத்துது. மொதல்ல இதோட வாயை மூடணும். ஒரு நிமிஷம்தானே, ஒரு நிமிஷம் கூடப் போனா ஒண்ணும் ஆயிராது, குழாயை மாட்டிட்டு உடனே வந்து மாத்திரலாம். ஆம்னு போடறேன்."

விரல் இறங்கியது. பெட்டி வாயை மூடியது.

"குழாயை மாட்டறேன். அவருக்கு மூச்சு வருது. கதவுகிட்ட யாரோ கூப்பிடறாங்க. போறேன். இந்தப் பக்கம் திரும்பவே இல்ல. சத்தம் இல்லையே. சத்தம் இருந்தா திரும்பியிருப்பேன்." கையை மடியில் வைத்துக்கொண்டாள். "நான் பாத்தேன். அவர் கேட்டாரே, யாராவது பாத்தாங்களான்னு. நான் பாத்தேன்."

அக்கா என்று கூப்பிட வாயெடுத்தேன். பக்கத்துப் பெட்டி மட்டும் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. அவளே எட்டி அதை நிறுத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பயத்தில் தாளைத் தேடினேன். முடிக்கும்போது வாசிக்க வேண்டிய பத்தி ஒன்று உண்டு, அதை எடுத்து வாசித்தேன்.

"நீங்கள் விரும்பினால் இந்தப் பதிவை முழுவதும் அழித்துவிடச் சொல்லலாம். காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை." இங்கே தாள் முடிந்தது. நான் முடிக்கவில்லை. "அழிச்சிரலாம் அக்கா. இப்பவே அழிச்சிரலாம். அழிக்கச் சொல்லு."

"இருக்கட்டும்" என்றாள்.

மேடம் கதவைத் திறந்துகொண்டு வந்தார். விதியை மீறியதற்குத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அக்காவின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இங்க பேசினது எங்க வழியா வெளிய போகாது. அதுக்கு நான் பொறுப்பு" என்றார். "போகணுமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்." அக்கா தலையாட்டினாள். மேடம் என் பக்கம் திரும்பி, "தண்ணி கொண்டு வா" என்றார்.

வீட்டில் மூன்று பேரும் சமையலறையில் நின்றபடியே சண்டை போட்டோம். அம்மா முதலில் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் நின்றாள். புரிந்ததும் அடுப்பை அணைத்தாள்.

"செத்தவ திரும்பி வரப்போறதில்ல. நீ எதுக்கு வலியப் போய்க் கழுத்த நீட்டுற? வாயை வச்சிக்கிட்டு சும்மா இரு."

"அம்மா சொல்றது சரி" என்றேன். அம்மாவும் நானும் ஒரே பக்கம் நின்றது அன்றைக்குத்தான். "நீ பாத்தியா பாக்கலியாங்கறது விஷயமே இல்லக்கா. சத்தத்த நிறுத்த அதுல வேற பட்டனே கிடையாது. ரெண்டு கட்டில் ஒரே நேரத்துல கத்தினா யாரா இருந்தாலும் அதத்தான் பண்ணுவாங்க. அது உன் தப்பு இல்ல. வடிவமைப்போட தப்பு."

"இருக்கலாம்" என்றாள் அக்கா.

"இருக்கலாம் இல்ல, அதான். என்கிட்ட ஆதாரம் இருக்கு."

"நீ எல்லாத்தையும் மிஷின் மேல போடும்போது நான் அங்க இல்லாத மாதிரி இருக்குடி." அவள் குரலை உயர்த்தவில்லை. "அந்த ரூம்ல ஒரு ஆள் இருந்தேன். அத்தன வருஷமா நான் பாத்துக்கிட்டதாலதான் எத்தனையோ பேர் எந்திரிச்சு வீட்டுக்குப் போனாங்க. அதெல்லாம் நான் பண்ணினதுன்னா, இதுவும் நான் பண்ணினதுதான்."

நான் கத்தினேன். அப்படியானால் நான் படித்ததெல்லாம் குப்பையா என்று கேட்டேன். அவள் என் தலையில் கை வைத்தாள். கையைத் தட்டிவிட்டேன். அம்மா அழ ஆரம்பித்தாள்.

இரண்டாவது அமர்வில் என் அறிக்கையை முன்வைக்க எனக்கு அனுமதி கிடைத்திருந்தது. அக்காவை முதலில் கூப்பிட்டார்கள். நான் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து அவளுடைய பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து, போன முறை கவனிக்கவில்லை என்று சொன்னது பொய் என்றாள். பார்த்ததையும், நினைத்ததையும், அழுத்தியதையும் சோதனை அறையில் சொன்ன அதே வரிசையில் சொன்னாள். குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த முகத்தில் வந்தது நிம்மதி என்று நான் சத்தியம் செய்வேன்.

என் முறை வந்தது. பதிவுகளைப் போட்டுக் காட்டினேன், விரல்களைக் காட்டினேன், திரையை விளக்கினேன். தலைவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"நல்லா உழைச்சிருக்கம்மா. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு. இவங்கல்லாம் பாக்காம அழுத்தினாங்க. உங்க அக்கா பாத்துட்டு அழுத்தினாங்க. ரெண்டும் ஒண்ணா?"

"அவங்க பாத்தும் அழுத்த வேண்டி வந்துச்சுன்னா அது இன்னும் மோசம் சார். அந்த நேரத்துல அந்தப் பெட்டி அவங்களுக்கு வேற வழியே—"

"ரத்துன்னு ஒரு பட்டன் இருக்கு இல்லையா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர் குடித்த தண்ணீர் டம்ளரை என் அறிக்கையின் மேல் வைத்தார். வேண்டுமென்று வைக்கவில்லை. கைக்கு எட்டிய இடத்தில் அது இருந்தது, அவ்வளவுதான்.

முடிவில் ‘மனிதத் தவறு’ என்று இரண்டு சொற்கள் வந்தன. அதை வைத்து நர்ஸிங் கவுன்சிலில் அக்காவின் நர்ஸ் உரிமம் ரத்தானது. பம்புகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவள் பொய்யிலேயே நின்றிருந்தால் அவளும் தப்பியிருப்பாள், ஒருவேளை அந்தப் பெட்டிகளும் மாறியிருக்கும். உண்மையைச் சொன்னதால் பெட்டிகள் தப்பித்தன. இதை எந்த வகுப்பில் எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வெளியே நடைக்கூடத்தில் இறந்தவளின் கணவர் நின்றுகொண்டிருந்தார். நான் அக்காவுக்கு முன்னால் போய் நின்றேன். அக்கா என்னை விலக்கினாள்.

"பாத்திருக்கீங்க" என்றார் அவர்.

"பாத்தேன்."

"யாருமே பாக்காம அவ போயிட்டான்னு நினைச்சு நினைச்சு..." நிறுத்திக்கொண்டார். முகத்தைத் துடைத்தார். "இதுக்கு அதுவே தேவலாம் போல இருக்கு." அவர் படியிறங்கிப் போகும்வரை அக்கா அப்படியே நின்றாள். மன்னிப்பு என்ற சொல் அவள் வாயிலேயே தங்கிவிட்டது. பிறகு கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

என் ஆய்வுக்குத் துறையிலேயே முதல் மதிப்பெண் வந்தது. மேடம் கூப்பிட்டுச் சொன்னபோது நான் நன்றிகூடச் சொல்லவில்லை. "முடிவு மாறிச்சா?" என்று கேட்டார். "இல்ல மேடம். அந்தப் பெட்டிதான் தப்பு" என்றேன். "உங்க அக்கா?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவருக்கு அந்த வாக்கியம் தெரியும், ஆயிரம் முறை கேட்டிருப்பார். ஆனால் என்ன நினைக்கிறாய் என்று சொல்லச் சொல்லி அவர் என்னைக் கேட்கவில்லை. அதற்கு மட்டும் நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

வார்டு அலமாரியில் அக்காவின் சாமான்கள் இருந்தன. எடுத்துப் போகச் சொல்லி மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். துணைக்கு நானும் போனேன். பகல் நேரம், பார்வையாளர்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அலமாரியில் ஒரு சீப்பு, ஒரு ஜோடி பழைய ஷூ, பாதி தீர்ந்த பிளாஸ்டர் சுருள். எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டாள். பிளாஸ்டர் சுருளைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு அதையும் போட்டாள்.

திரும்பி வரும் வழியில் வார்டின் கதவு திறந்திருந்தது. அக்காவின் கால் தானாக நின்றது. உள்ளே எங்களுக்குத் தெரியாத ஒரு நர்ஸ் இரண்டு கட்டில்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தாள், வேலைக்குப் புதிதாக இருக்க வேண்டும். கம்பியில் அதே பெட்டி. ஸ்பீக்கரின் மேல் புதிய பிளாஸ்டர், வெள்ளை வெளேரென்று. அதையும் மீறிக் கீச்கீச்சென்று கேட்டது. அவள் அடுத்த கட்டிலைப் பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டினாள்.

அக்கா உள்ளே இரண்டடி வைத்துவிட்டாள். "நம்பரப் பாரும்மா" என்றாள்.

நர்ஸ் திரும்பினாள். சாதாரணப் புடவை, கையில் துணிப்பை. யாரோ நோயாளியின் சொந்தக்காரர் என்று நினைத்திருப்பாள். கோபப்படவில்லை, மரியாதையாகத்தான் சொன்னாள். "பார்வையாளருங்க வெளிய நில்லுங்கம்மா. இங்கல்லாம் வரக்கூடாது."

"சரிங்க சிஸ்டர்" என்றாள் அக்கா. வெளியே வந்தாள்.

நடைக்கூடத்தில் நடந்தோம். பையைப் பிடித்திருந்த கையில் அவளுடைய ஆள்காட்டி விரல் பிடியின் மேல் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவளுக்கு அது தெரியாது. எங்களுக்குப் பின்னால் மறுபடியும் ஒரு பம்ப் கத்த ஆரம்பித்தது. நாங்கள் லிஃப்டை எட்டுவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. அவ்வளவு சீக்கிரம் அது நிற்கக்கூடாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.